உயரத்துக்கு அஞ்சுபவர் குடும்பத்தோடு கப்பலேறினால்: 'ஆந்தம் ஆஃப் தி சீஸ்' ஒரு மதிப்பீடு

சொகுசுக் கப்பல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டில் தொடங்கி நீச்சல் குளத்தில் முடித்துவிடுகிறார்கள். அவற்றைப் பற்றிப் படிக்க நிறையவே கிடைப்பதால், இந்த மதிப்பீட்டை ஒரே ஒரு கோணத்திலிருந்து எழுதுகிறேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் ஓரம் போனாலே முழங்கால் தளர்ந்துபோகிற ஒருவர், மனைவி, பிள்ளைகள், வயதான தாய் என்று குடும்பம் முழுவதும் ஆசைப்பட்டதற்காக ஒரு பெரிய கப்பலில் ஏறினால், அங்கே எதைக் கண்டு அஞ்ச வேண்டியிருக்கும், எது அவர் நினைத்ததைவிட எளிதாக இருக்கும், எந்த அறையை எடுத்தால் இரவில் உறக்கம் வரும் என்பவையே இங்குள்ள கேள்விகள். அந்த ஒருவர் நான்தான்.

நாங்கள் சென்றது ராயல் கரீபியன் நிறுவனத்தின் 'ஆந்தம் ஆஃப் தி சீஸ்'. 2024 இறுதியிலிருந்து 2025 தொடக்கம் வரையிலான பருவத்தில் இது சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு பினாங்கு, புக்கெட் ஆகிய துறைமுகங்களுக்குக் குறும்பயணங்களை நடத்தியது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் இருப்பதால் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அதிகமாகத் தேர்ந்தெடுக்கும் தடம் இது. ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரிலுள்ள மேயர் வெர்ஃப்ட் தளத்தில் கட்டப்பட்டு 2015இல் கடலுக்கு வந்த இந்தக் கப்பல் ஏறத்தாழ 348 மீட்டர் நீளமும் மொத்தம் 16 தளங்களும் கொண்டது. 2014இல் வந்த 'குவாண்டம்', 2016இல் வந்த 'ஓவேஷன்' ஆகியவை இதே அச்சில் வார்க்கப்பட்டவை என்பதால், அவற்றில் செல்ல நினைப்பவர்களுக்கும் இங்கே சொல்லப்படுவதில் பெரும்பகுதி பொருந்தும்.

உயரம் குறித்த அச்சத்தைக் குடும்பத்தார் பொதுவாகக் கோழைத்தனமாகவோ பிடிவாதமாகவோதான் பார்க்கிறார்கள். இதற்கு உடலில் காரணம் உண்டு என்பதைப் பயணத்துக்கு முன்பே வீட்டில் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடல் முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த ஆட்டத்தைக் கண்கள், அருகிலுள்ள பொருள்கள் பார்வையில் சற்றே இடம் பெயர்வதை வைத்துக் கண்டுபிடித்து மூளைக்குச் சொல்ல, மூளை தசைகளைக் கொண்டு சரிசெய்கிறது. உயரமான விளிம்பில் நிற்கும்போது கண்ணுக்கு எதிரே அருகில் எந்தப் பொருளும் இருப்பதில்லை. மிக அருகிலிருப்பதே பல மீட்டர் கீழேதான் இருக்கிறது. கண்ணிலிருந்து வரும் செய்தி மங்கிப்போக, உடலின் ஆட்டம் கூடுகிறது. அதை உணர்ந்த மூளை அபாயமணி அடிக்கிறது. ஜெர்மனியில் 3,500க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் உயரத்தைக் கண்டு இவ்வாறு நிலைதடுமாறியதாகச் சொன்னவர்கள் 28 விழுக்காடு. ஆக, நம் வீட்டுப் பந்தியில் உட்காருகிறவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இந்த வகைதான். வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கப்பலில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நிற்கிற தரையே நகர்கிறது. உள்காது உணரும் அசைவுக்கும் கண் காணும் காட்சிக்கும் பொருத்தமில்லாமல் போகும்போது வருகிற குமட்டலும், உயரத்தால் வருகிற தடுமாற்றமும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடியவை. நல்வாய்ப்பாக, இரண்டுக்கும் ஒரே மருந்தாகக் கடலிலேயே ஒன்று கிடைக்கிறது, அது தொடுவானம். அசையாத அந்தக் கோட்டில் பார்வையை நிறுத்தினால் கண்ணுக்கு மறுபடியும் ஒரு பிடிமானம் கிடைக்கிறது. கீழே பார்க்காதே என்று சொல்வதைவிட, தூரத்தில் அந்தக் கோட்டைப் பார் என்று சொல்வது எவ்வளவோ மேல் என்பதைப் பயணம் முழுக்க உணர்ந்தேன்.

இனி அறை. இந்தப் பயணத்தின் நன்மை தீமையில் முக்கால் பங்கு அறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. முன்பதிவு செய்து கொடுத்த முகவரிடம் என் சிக்கலைத் தெளிவாகச் சொல்லியும், "சார், மேல போகப் போகத்தான் சார் வியூ" என்று கூடுதல் பணத்துக்கு உயர்தளப் பால்கனி அறையைத் தலையில் கட்டுவதிலேயே அவர் குறியாக இருந்தார். மனைவியும் அவர் பக்கம் சாய்ந்தார். ஐந்து பேருக்கு எப்படியும் இரண்டு அறை வேண்டும் என்பதால் கடைசியில் உடன்பாடு இப்படி முடிந்தது: அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் உயர்தளத்தில் பால்கனி அறை, அதே தளத்தில், நடைவழியின் எதிர்ப்புறத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறை எனக்கும் மனைவிக்கும்.

உள்ளறை என்றால் நான்கு சுவர்தானே என்று நிம்மதியாகக் கதவைத் திறந்த எனக்கு, எதிர்ச்சுவரில் தரையிலிருந்து கூரைவரை கடல் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வகைக் கப்பல்களின் உள்ளறைகளில் 80 அங்குலத் திரை ஒன்றைப் பொருத்தி, கப்பலின் வெளிப்புறக் கேமராக்கள் எடுக்கும் காட்சியை உடனுக்குடன் காட்டுகிறார்கள். போதாதென்று அந்தக் காட்சிக்குள் ஒரு கைப்பிடிக் கம்பியையும் வரைந்து வைத்திருக்கிறார்கள், பால்கனியில் நிற்கும் உணர்வு வரவேண்டுமாம். பணம் மிச்சப்படுத்தி உள்ளறை எடுத்தவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. என் போன்றவர்களுக்கும் இது பயனுள்ளதாகவே அமைந்தது, ஆனால் வேறு வகையில். திரையை அணைத்துவிடலாம் என்பதால், கடலை எவ்வளவு நேரம் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. முதல் இரவு அணைத்தே வைத்திருந்தேன். பிறகு காலையில் பல் துலக்கும்போது மட்டும் போட்டுக்கொண்டேன். பிறகு மனைவி போட்டதை அணைக்கச் சொல்ல மறந்துபோனேன். உயர அச்சத்துக்கு மருத்துவர்கள் கையாளும் முறையும், சிறிது சிறிதாக, நோயாளியே நிறுத்திக்கொள்ளக்கூடிய அளவுகளில் பழக்குவதுதான். அதற்கென்று வடிவமைக்காத ஒரு பொருள் அந்த வேலையைச் செய்தது எனக்கு வியப்பாக இருந்தது.

எதிர் அறையின் பால்கனி வேறு கதை. அம்மாவுக்கு அது வாழ்நாள் கனவு நிறைவேறிய இடம். அதிகாலையில் காபிக் கோப்பையோடு நாற்காலியைக் கண்ணாடிக்கு அருகிலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு, "வாடா, காத்து எப்படி வருது பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் வாசல் விளிம்பில், ஒரு கால் அறைக்குள்ளும் ஒரு கால் பால்கனியிலுமாக நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கைப்பிடிக்குக் கீழே தடுப்பு முழுவதும் தெளிந்த கண்ணாடி. அதன் வழியே, கப்பல் கிழித்துச் செல்லும் நீரின் வெள்ளை நுரைக் கோடுகள் பின்னோக்கி விரைவது தெரிகிறது. உயரத்தைவிட அந்த ஓட்டம்தான் என்னைத் தள்ளாட வைத்தது. கீழேயுள்ள பொருள் அசையாமல் இருந்தால் கண் அதைப் பற்றிக்கொள்ளும். ஓடுகிற நீரில் பற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? கப்பல் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்தபோது அதே பால்கனியில், அதே உயரத்தில், நாற்காலியில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட என்னால் முடிந்தது.

பால்கனி அறைதான் வேண்டும் என்று குடும்பம் அடம்பிடித்தால் இரண்டு வழிகள் உண்டு. உயிர்காப்புப் படகுகள் தொங்கும் இடத்துக்கு நேர் மேலேயுள்ள தளத்தில் எடுத்தால், எட்டிப் பார்க்கும்போது படகுகளின் கூரை குறுக்கே வந்து கீழ்நோக்கிய வெட்டவெளியை மறைக்கிறது. காட்சி குறைகிறது என்று மற்றவர்கள் இதைத் தவிர்ப்பார்கள். சில நேரம் விலையும் குறைவாக இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். இரண்டாவது, பால்கனிக்குப் பதில் திறக்க முடியாத ஜன்னல் உள்ள கடற்பார்வை அறை. என்னைக் கேட்டால், உயரத்துக்கு அஞ்சுபவருக்குக் கப்பலிலேயே சிறந்த அறை இதுதான். அதுவும் கீழ்த்தளங்களில், கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதியில் கிடைத்தால் விடவே கூடாது. கப்பலின் ஆட்டம் மிகக் குறைவாகத் தெரியும் இடமும் அதுவே என்பதால் குமட்டலுக்கும் அங்கேயே தீர்வு கிடைத்துவிடுகிறது.

தனக்காக வரும் அச்சம் ஒன்று, பிள்ளைகளுக்காக வரும் அச்சம் இன்னொன்று. பின்னதைப் பற்றி எவரும் எச்சரிப்பதில்லை. மகள் கைப்பிடியில் முழங்கைகளை ஊன்றி நின்றால் போதும், என் உள்ளங்கை வியர்த்துவிடும். அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றும் கப்பல்களுக்காக அந்நாடு 2010இல் இயற்றிய சட்டம், கைப்பிடித் தடுப்புகள் 42 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. சுமார் 107 சென்டிமீட்டர், அதாவது பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சைத் தாண்டும் உயரம். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வெறுமனே "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதைவிட, தவறி விழ முடியாத உயரம் எது என்று தெரிவது மனத்தை அடக்குகிறது. அந்த உயரத்தைக் குறைத்துவிடும் ஒரே பொருள் நாற்காலி. எனவே பால்கனி நாற்காலிகள் எப்போதும் சுவரோரம்தான், பிள்ளைகள் மட்டும் இருக்கும்போது கதவின் தாழ் போட்டே இருக்கும் என்று இரண்டு விதிகளை வகுத்தோம். அம்மா முதல் விதியை மதிக்கவில்லை. அவரை யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை.

இந்தக் கப்பலைப் பற்றிய விளம்பரங்கள் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது 'நார்த் ஸ்டார்'. கப்பலின் உச்சித் தளத்தில் நிறுவிய பெரிய பளுதூக்கிக் கை ஒன்றின் முனையில் கண்ணாடிக் கூண்டு ஒன்றைப் பொருத்தி, ஒரு முறைக்கு 14 பேர் வரை ஏற்றி, கடல் மட்டத்திலிருந்து 300 அடிக்கு மேல் உயர்த்திக் காட்டுகிறார்கள். கடல் நடுவே இருக்கும்போது அந்தக் கை பக்கவாட்டிலும் சாய்ந்து, கூண்டைக் கப்பலுக்கு வெளியே கடலுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துகிறது. காற்று வலுத்தால் இயக்க மாட்டார்கள். பயணத்தையும் நேரத்தையும் பொறுத்துச் சில வேளைகளில் கட்டணம் உண்டு. முன்பதிவு எப்போதுமே நல்லது. இதன் படத்தைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் இந்தக் கப்பல்தான் வேண்டும் என்றார்கள். இதே படத்தைப் பார்த்துத்தான் நான் வேண்டாம் என்றேன்.

ஏறிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கப்பலில் உயரத்துக்கு அஞ்சுபவர் சந்திக்கும் இடங்களில் இது நடுத்தரமான ஒன்றுதான். பால்கனி இதைவிடக் கடினம். காரணத்தை யோசித்தால் விளங்கும். கூண்டு முழுவதும் மூடியது. விளிம்பு என்று ஒன்று அதில் இல்லை. காலடியில் திடமான தரை, சுற்றிலும் பிடித்துக்கொள்ளக் கம்பி. எழும்பும் வேகம் மிகக் குறைவு, சட்டென்ற குலுக்கல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குனிந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நின்ற இடத்திலிருந்தே தொடுவானம் கண்மட்டத்தில் முழு வட்டமாக விரிகிறது. மலாக்கா நீரிணையில் சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கயிறு கட்டி இழுத்தாற்போல் ஒரே வரிசையில் போய்க்கொண்டிருந்தன. மகன் அவற்றை எண்ணத் தொடங்க, நானும் அவனோடு சேர்ந்து எண்ணினேன். எண்ணுவது நல்ல உத்தி. கண்ணைத் தொலைவில் நிறுத்துகிறது, வாய்க்கும் ஒரு வேலை கிடைக்கிறது.

கடினமான கணங்கள் இரண்டு உண்டு. முதலாவது, வரிசையில் காத்து நிற்பது. முன்னால் போன கூண்டு தலைக்கு மேலே ஏறுவதைத் திறந்த தளத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் அந்த நேரத்தில், மேகங்கள் நகர்வதால் தளமே சாய்வது போன்ற மயக்கம் வருகிறது. நகரும் மேகத்தை அண்ணாந்து பார்ப்பது தடுமாற்றத்தைக் கூட்டும் என்பது மருத்துவர்களும் சொல்வதே. வரிசையில் நிற்கையில் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்ப்பதே பாதுகாப்பு. இரண்டாவது, கை பக்கவாட்டில் சாய்ந்து, இதுவரை காலுக்குக் கீழே தெரிந்த கப்பல் விலகி, நீர் மட்டும் எஞ்சும் கணம். அப்போது கப்பலை நோக்கிய பக்கத்தில் நின்றால் நீச்சல் குளங்களும் மஞ்சள் துண்டுகளும் மனிதர்களும் கண்ணில் படுகிறார்கள். அருகே பொருள்கள் இருப்பதால் உடல் ஓரளவு நிலைகொள்கிறது. ஏறும்போதே அந்தப் பக்கம் இடம் பிடித்துவிட வேண்டும். கூண்டை இயக்கிய பெண் பணியாளரிடம் என் நிலையை முன்கூட்டியே சொன்னேன். கதவு மூடும்வரை இறங்கிக்கொள்ளலாம், மூடிய பிறகு சுற்று முடியும்வரை முடியாது என்று எந்தக் கேலியுமின்றி, விமானப் பணிப்பெண் சொல்வதைப் போன்ற குரலில் சொன்னார். எங்கே வழி இருக்கிறது, எங்கே இல்லை என்று தெளிவாகத் தெரிந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மற்ற கேளிக்கைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். செங்குத்துக் காற்றுக் குழாயில் மிதக்கவிடும் 'ஐஃப்ளை' பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் உயரத்தோடு அதற்குப் பெரிய தொடர்பில்லை. பயிற்றுநர் பிடியிலேயே இருக்கிறார். காதடைப்பும் இரைச்சலும்தான் தொல்லை. பாறை ஏறும் சுவர் தெளிவாகவே நமக்கானதன்று. அதன் அடியில் நின்று பிள்ளை ஏறுவதை அண்ணாந்து பார்ப்பதும் நமக்கானதன்று என்பதால், அந்த வேலையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன். உள்ளரங்கில் இருக்கும் மோதல் கார்கள் எல்லோருக்கும் பொது. அரங்க நிகழ்ச்சிகளுக்கு மேல்மாடத்தைத் தவிர்த்துக் கீழ்த்தட்டில் உட்காருவது நல்லது, இதைச் சென்னையின் பழைய திரையரங்குகளில் பால்கனி டிக்கெட்டைத் தவிர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கப்பலின் பின்கோடியில், ஐந்தாம் தளத்தில் இருக்கும் 'டூ செவன்டி' என்ற கூடத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பெயருக்கேற்ப 270 பாகைக்கு, பல ஆள் உயரக் கண்ணாடிகள் வழியே கடலைப் பார்க்கும்படி கட்டப்பட்டது. பகலில் கூட்டம் குறைவு, சோபாக்கள் ஆழமானவை. தளம் தாழ்வாக இருப்பதால் கடல் கீழே கிடக்காமல் எதிரே நிற்கிறது. கப்பல் விட்டுச்செல்லும் நீர்த்தடம் இங்கும் தெரிகிறதுதான். ஆனால் அது பக்கவாட்டில் விரையாமல் நம்மைவிட்டு நேராக விலகிப் போவதால் தலை சுற்றவில்லை. குடும்பத்தார் மேல்தளங்களில் சுற்றும் நேரங்களை இங்கே கழித்தேன். கடல்பயணம் வந்து கடலைப் பார்க்காமல் போனேன் என்று இனி எவரும் சொல்ல முடியாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, பஃபே உணவகமான 'விண்ட்ஜாமர்' 14ஆம் தளத்தில் இருக்கிறது. ஜன்னலோர மேசைகளுக்காக எல்லோரும் அடித்துக்கொள்வதால் நடுவிலுள்ள மேசைகள் நமக்கு எளிதாகக் கிடைத்துவிடுகின்றன. பரிமாறும் முறையிலான முதன்மை உணவகங்கள் 3, 4ஆம் தளங்களில் இருப்பதால் இரவு உணவுக்கு அவையே உகந்தவை. இரண்டிலும் இந்திய உணவு கிடைத்தது. சாம்பார் என்ற பெயரில் வந்ததைப் பற்றி அம்மா கொண்ட கருத்து இந்த மதிப்பீட்டின் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

கப்பலில் ஏறுவதும் இறங்குவதும் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒவ்வொரு விதம். சிங்கப்பூர் மெரினா பே கப்பல் முனையத்தில் விமான நிலையத்தில் இருப்பதைப் போன்ற மூடிய இணைப்புப் பாலம், எனவே தரையை விட்டுக் கப்பலுக்குள் போனதே தெரியாது. பினாங்கில் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கப்பல் அணைந்து நிற்பதால் நகரத்துக்குள் நடந்தே போய்விடலாம். அங்கே நமக்கு முன்னால் இருப்பது வேறொரு சோதனை. பினாங்கின் புகழ்பெற்ற இடங்களில் பாதி உயரத்தில்தான் இருக்கின்றன: 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொடிமலை, அதற்குச் செங்குத்தாக ஏறும் கயிற்றிழுவை ரயில், கொம்தார் கட்டடத்தின் 68ஆம் தளத்தில் கண்ணாடித் தரை போட்ட வானவில் நடைபாதை. பிள்ளைகள் கொம்தாரைத் தேர்ந்தெடுத்தார்கள், மனைவி அவர்களோடு போனார். நான் அம்மாவை அழைத்துக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். 500க்கும் மேற்பட்ட படிகள்; ஆனால் ஒவ்வொரு படியும் அகலமானது, இருபுறமும் மரங்களும் கைப்பிடியும் இருப்பதால் ஏறும்போது உயரம் உறுத்தவில்லை. இறங்கும்போது உறுத்தியது, பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூன்று நான்கு படிகளுக்கு அப்பால் பார்வையை விடாமல் இறங்கினேன்.

புக்கெட்டில் இவ்வளவு பெரிய கப்பல் கரையை நெருங்க முடியாததால், பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டுப் படகுகளில் கரைக்குக் கொண்டுபோகிறார்கள். படகில் ஏறும் கதவு கப்பலின் அடிப்பகுதியில், நீர்மட்டத்துக்கு அருகில் இருக்கிறது. உயரம் என்று எதுவும் இல்லை. ஆனால் படகு ஏறி இறங்கும்போது கப்பலுக்கும் படகுக்கும் இடையே தெரிகிற நீர்ப்பிளவு, உயர அச்சம் உள்ளவர்களை அதே விதத்தில் தாக்கக்கூடியது. இருபுறமும் நிற்கும் பணியாளர்கள் முழங்கையைப் பற்றித் தாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து, சொல்லும்போது காலெடுத்து வைத்தால் போதும். குனிந்து பிளவைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள். மூட்டுவலி உள்ள முதியவர்களுக்கு என் அச்சத்தைவிட இந்தத் தாண்டல்தான் உண்மையான தடை. கடல் சற்றே கொந்தளித்தாலும் அம்மா வயதுக்காரர்கள் கப்பலிலேயே தங்கிவிடுவது நல்லது.

மாத்திரைகளைப் பற்றி ஒரு சொல். கடல் குமட்டலுக்கு நம்மவர்கள் கைப்பையில் வைத்திருக்கும் 'அவோமின்' போன்றவை தூக்கத்தைக் கொடுப்பவை. அரைத்தூக்கத்தில் உடலின் சமநிலையும் தளர்கிறது என்பதால், உயரத்துக்கு அஞ்சுபவர் அதைப் போட்டுக்கொண்டு மேல்தளத்துக்குப் போவது அறிவுடைமையாகாது. முதியவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம்.

கப்பல் நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவாக ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தள வரைபடங்களில் சக்கர நாற்காலி செல்லும் வழி, புகைபிடிக்கும் இடம், இணைக்கதவு உள்ள அறை எல்லாம் குறிக்கப்படுகின்றன. எந்தத் தடுப்பு கண்ணாடி, எது மூடிய இரும்பு, எந்தப் படிக்கட்டு வெளிப்புறமாகத் திறந்தது என்று குறிக்கப்பட்ட வரைபடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. 28 விழுக்காட்டினரை வாடிக்கையாளர்களாக நினைத்தால் இது செலவில்லாத வேலை.

சென்னையிலிருந்தே கிளம்ப வேண்டும் என்பவர்களுக்கு, 2022 ஜூன் முதல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' நினைவுக்கு வரும். 1990இல் கட்டப்பட்ட அது 11 தளங்களே கொண்ட, இதைவிட மிகச் சிறிய கப்பல். உயரம் குறைவு என்பது உண்மை. ஆனால் அலையின் ஆட்டம் சிறிய கப்பலில் கூடுதலாகத் தெரியும் என்பதையும் எடை போட்டே முடிவு செய்ய வேண்டும். உயரம் மட்டும் சிக்கல் என்றால் அது. தலைசுற்றலும் குமட்டலும் சேர்ந்து வரும் என்றால் 'ஆந்தம்' போன்ற பெரிய கப்பலின் கீழ்த்தளம்.

உயரத்துக்கு அஞ்சும் ஒருவர் குடும்பத்தோடு போகத் தகுந்த கப்பல் என்ற வகையில் 'ஆந்தம்' கப்பலுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். விட்டுப்போன ஒன்று, மூடிய தடுப்பு கொண்ட பால்கனிகள் இருந்திருக்கலாமே என்ற என் சொந்த ஆசை. முன்பதிவின்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். 'உத்தரவாத அறை' என்ற பெயரில் சற்றே குறைந்த விலைக்கு ஒரு கட்டண வகை உண்டு. அறையின் வகையை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். எந்தத் தளம், எந்த இடம் என்பதை நிறுவனமே பின்னர் முடிவு செய்யும். மற்றவர்களுக்கு அது லாபமான பேரமாக இருக்கலாம். நீங்கள் கூடுதல் பணம் கொடுத்தாவது, தள வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அறை எண்ணைக் குறிப்பிட்டே பதிவு செய்யுங்கள். முகவர் மேல்தளத்தின் காட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வேறு முகவரைப் பாருங்கள்.